சட்டம் போட்ட முதுகு

கருங்கல்லில் இருந்து தக்கலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் மடியில் காலிக் கூடை இருந்தது.

“ஏட்டி, என் முதுக சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்காவ, கேட்டியா?”

“முதுகையா மைனி?”

“நம்ம ஊரு பிள்ளைய எல்லாம் கூட்டமாச் சேந்து படம் வரைக்காவல்லா. இதுவரை வரைஞ்சத எல்லாம் சர்ச்சு ஹால்ல வச்சிருக்காவ. சும்மா எட்டிப் பாத்தேன். சந்தையில நான் மரச்சீனிக் கெழங்கு விக்கத, பின்னால இருந்து வரைஞ்சிருக்கு.”

“நீங்கதான்னு எப்பிடித் தெரிஞ்சு?”

“நீல ஜாக்கெட்டுல நீ வச்சுத் தச்ச பச்ச ஒட்டு அப்பிடியே இருக்கே!”

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என் முதுகு எப்பிடி இருக்கும்னு எனக்கே இப்பந்தான் தெரிஞ்சு. கொஞ்சம் வளைஞ்சு போச்சு. ஆனா நல்லாத்தான் இருக்கு.”

“அண்ணன் பாத்தாவளா?”

“நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். நான்தான்னு சொல்லமாட்டேன். கண்டுபிடிக்காவளான்னு பாக்கணும்.”

“கண்டுபிடிக்காம இருப்பாவளா மைனி?”



“அதாம் சம்சயம். கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து அவிய முன்னால நடப்பாவ, நான் பின்னால போவேன். என் முதுக அவிய எப்பம் பாத்திருக்காவ?”