அஞ்சு நாள் கேமரா

அதைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி பட்டையைக் கழுத்துல மாட்டிக்கோங்க மேடம். பிடி நல்லாத்தான் இருக்கும், ஆனா பெரிய லென்ஸ் மாட்டியிருக்கறதால முன்பக்கம் கீழே இழுக்கும். நேத்து உங்க ஆள் அதை ஒத்தைக் கையில தூக்கிட்டு வந்ததைப் பாத்ததும் அடியில கை குடுக்க எந்திரிச்சுட்டேன். அது இன்னும் கடைக்கே வரலை. வர்றதுக்குப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் இதைப் பத்தி வெளியே மூச்சு விடமாட்டேன்னு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நீங்களும் கொஞ்சம் பாத்துக்கோங்க.

முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லுங்கன்னு கேட்டீங்க. ரொம்ப சந்தோஷம். வீட்டுல யாரும் என்னை அப்படிக் கேட்டதே இல்ல. நான் கேமரான்னு வாயைத் திறந்தாலே என் பொண்டாட்டி அடுப்பை அணைக்கணும்னு எந்திரிச்சுப் போயிடுவா, அடுப்பு எரியுதோ இல்லையோ. எழுதற அண்ணன், நான் வேகமாப் போனா கையைக் காட்டுங்க, நிறுத்திடறேன்.

என் வேலை இதுதான். காட்டு விலங்கு, பறவைப் படம் எடுக்கறவங்களுக்குன்னு ஒரு மாசப் பத்திரிகை. புதுக் கேமரா வந்தா எனக்கு அஞ்சு நாள் குடுப்பாங்க. வெச்சுப் பாத்துட்டு ‘முதல் அனுபவம்’னு எழுதணும். பதினேழு வருஷமா எழுதறேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்கு, மழையில நனைஞ்சா என்ன ஆகும், பேட்டரி எத்தனை நேரம் நிக்கும், எல்லாம் நான்தான். அட்டைப் படம் மட்டும் எப்பவும் வேற யாராவது எடுத்ததா இருக்கும். அதுல எனக்கு வருத்தமே இல்லைன்னு சொன்னா நீங்க நம்பாதீங்க. இருநூறு இதழுக்கு மேல வந்தாச்சு. ஒவ்வொண்ணும் வந்ததும், பிரிக்கறதுக்கு முன்னாடி அட்டையில யார் பேருன்னு பாத்துட்டுத்தான் டீயைத் தொடுவேன்.

இந்தத் தடவை ஆசிரியர் போன்லயே சொல்லிட்டார். “கேமரா பிரமாதம்னா, அதுல நீங்க எடுத்த படத்தையே அட்டையில போட்டுடலாம். நல்லதா ஒண்ணு மட்டும் குடுங்க.” அன்னிக்கு ராத்திரி சாப்பாடே இறங்கலை மேடம், அவ்வளவு சந்தோஷம்.

இது மிரர்லெஸ். பழைய கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது டக்குனு எழும்பி விழும், அந்தச் சத்தத்துக்கே பறவை பறந்துடும். இதுல கண்ணாடியும் இல்ல, சத்தமும் இல்ல. முதல் நாள் என் மச்சான் காதுகிட்ட வெச்சு அழுத்திக் காட்டினேன். “எப்ப எடுக்கப் போற?”ன்னு கேட்டார். அதுக்குள்ள நாப்பது படம் எடுத்திருந்தேன். அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சோம்.

மச்சான்னா என் பொண்டாட்டிக்குக் கூடப்பிறந்த அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடற மனுஷனுக்குத் தன் கண்ணாடியைக் கழட்டினா எதிர்ல நிக்கறது ஆளா அலமாரியான்னு தெரியாது. பதினோரு வருஷமா லீவு நாளெல்லாம் என்கூட ஏரிக்கு வருவார். படம் எடுக்கற ஆசை துளிகூடக் கிடையாது. பச்சைத் துணிக் கூடாரத்துக்குள்ள காலை மடக்கி உக்காந்துகிட்டு, “மாப்ள, அந்தக் கொக்கைப் பாரு, உன்னைவிடப் பொறுமைசாலி”ன்னு காதைக் கடிக்கறதுல அவருக்கு ஒரு ஆனந்தம். நல்ல மனுஷன். அதை நான் எங்கேயும் மாத்திச் சொல்லமாட்டேன்.

எங்களுக்குள்ள ஒரு வேலை முறை இருந்துச்சு. மீன்கொத்தியைப் படம் எடுக்கணும்னா அது வந்து உக்கார ஒரு குச்சி வேணும். நமக்கு வசதியான இடத்துல, வெளிச்சம் விழற பக்கமா, தண்ணிக்குள்ள முட்டியளவு இறங்கி ஒரு காஞ்ச கிளையை நட்டுட்டு வரணும். அது மச்சான் வேலை. கரையோரமெல்லாம் ஒரே நாணல். காட்டுப்பன்னி வரும், பாம்பு வரும். அதனால அவர் இறங்கும்போது நான் லென்ஸ் வழியா சுத்திவரப் பாத்துக்கிட்டே இருக்கணும். எதையாவது பாத்தா விசில் ஊதணும். விசில் கேட்டா அவர் என்ன ஏதுன்னு தேடக் கூடாது. போட்டது போட்டபடி நேரா கூடாரத்தைப் பாத்துத் திரும்பி ஓடிவரணும். இதெல்லாம் அவரே வகுத்த சட்டம். தண்ணி தெறிச்சுக் கண்ணாடி கெட்டுடும்னு அதைக் கழட்டி என் சட்டைப் பையில போட்டுட்டு, “இனிமே நீதான்டா பாத்துக்கணும்”னு சொல்லிட்டு இறங்குவார். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. பதினோரு வருஷத்துல அஞ்சாறு தடவை ஊதியிருக்கேன். ஒரு தடவை கூட அவர் சந்தேகப்பட்டு நின்னதில்ல. விழுந்தடிச்சு ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கிட்டே, “என்னடா, பன்னியா?”ன்னு சிரிப்பார்.

அஞ்சு நாள்ல நாலு நாள் வீணாப் போச்சு. முதல் நாள் பக்கத்து வீட்டு நாய். அதுக்குக் கண்ணு எங்கே இருக்குன்னு பெத்தவளுக்கே தெரியாது, மூஞ்சி பூரா முடி. இந்தக் கேமரா கண்டுபிடிச்சு, திரையில அந்தக் கண்ணு மேல ஒரு சின்ன மஞ்சள் சதுரத்தை வெச்சுது பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா நாயை அட்டையில போடமாட்டாங்க. ரெண்டாம் நாள் அணில். மூணாம் நாள் நல்ல மழை. நாலாம் நாள் மீன்கொத்திக்கு என்ன கோபமோ, அந்தப் பக்கமே வரலை. அஞ்சாம் நாள் சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து பெட்டியோட எடுத்துட்டுப் போயிடுவார். கையில இருந்தது ஒரு காலை நேரம், அவ்வளவுதான்.

அன்னிக்கு ஏழு மணிக்கு நல்ல வெளிச்சம். மச்சான் குச்சியை எடுத்தார், கண்ணாடியை என் பையில போட்டார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், இறங்கினார். நான் லென்ஸைச் சுத்திக்கிட்டே வந்தேன். ஏரி நடுவுல ஒரு மரத்துண்டு மிதந்துச்சு. அந்த மரத்துண்டு மேல மஞ்சள் சதுரம் வந்து உக்காந்துச்சு.

எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. ‘ஆஹா, ஒரு குறை கண்டுபிடிச்சாச்சு, எழுதிடலாம்’னு நெனச்சேன். பெருசாக்கிப் பாத்தா மரத்துக்குக் கண்ணு இருக்கு. முதலை மேடம். அந்த ஏரியில முதலை இருக்குன்னு யாரும் சொன்னதில்ல. போன வருஷ வெள்ளத்துல வந்திருக்கணும். வெறும் கண்ணுல பாத்தா நீங்களும் நானும் மரக்கட்டைன்னுதான் சத்தியம் பண்ணுவோம். கேமரா பண்ணலை. நான் கட்டுரையில அப்படியே எழுதியிருக்கேன், பாத்திருப்பீங்க.

அது ஏழு பன்னெண்டுக்கு. விசில் ஊதினது ஏழு பதினாறுக்கு. இந்த நாலு நிமிஷத்தைத்தான் நீங்க திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. முதல் வாக்குமூலத்துல, பாத்த உடனே பதறிட்டேன், கை நடுங்கிச்சு, விசிலை எடுக்க நேரமாச்சுன்னு சொல்லியிருந்தேன். அதை இப்ப திருத்திக்கறேன். கை நடுங்கலை. படங்களைப் பாருங்க, ஒரு இழை அசையலை. பாதிப் பெருமை கேமராவுக்குத்தான் போகணும், அதுல நடுக்கத்தைத் தாங்கற ஏற்பாடு அருமை.

நான் லயிச்சுட்டேன், அதான் உண்மை. அது தண்ணிக்குள்ள முங்கும், சதுரம் காணாமப் போகும். கொஞ்சம் கிட்டத்துல எழும்பும், சதுரம் டக்குனு வந்து ஒட்டிக்கும். ஒரு தடவை கூடத் தப்பலை. முப்பத்தோரு படம், முப்பத்தொண்ணுலயும் கண்ணு பளிச்சுனு இருக்கு. சின்னப் புள்ள மாதிரி குஷியாயிட்டேன். மச்சான் அங்கே இருக்கார்ங்கறதே மறந்துபோச்சு. இந்த வேலை தெரிஞ்சவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, லென்ஸுக்குள்ள போயிட்டா வெளி உலகமே கிடையாது.

அப்புறம் ஊதினேன். பலமாத்தான் ஊதினேன். அக்கரையில வலை காயப்போட்டுக்கிட்டு இருந்த ரெண்டு பேர் அதைக் கேட்டுத்தான் படகை எடுத்துக்கிட்டு வந்தாங்க. அவங்களே உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. மச்சானை அவங்களாலயும் மீட்க முடியலை. மறுநாள் மதியம்தான் கிடைச்சார்.

அடக்கம் பண்ணிட்டுத் திரும்பும்போது வண்டியில என் பொண்டாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டா. “நீங்க விசில் ஊதினீங்களா?” ஊதினேன்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. “கடைசி நேரத்துல நீங்களாவது கூட இருந்தீங்களே, அது போதும்”னா. கேமராவைக் கேட்டு வந்த கம்பெனி ஆள் வீட்டு நிலைமையைப் பாத்துட்டு, ஒரு வாரம் கழிச்சுக் குடுத்தாப் போதும்னு சொல்லிட்டுப் போனார். நல்ல பையன்.

கட்டுரையை முடிக்க எனக்கு மூணு நாள் ஆச்சு. என் கட்டுரை எல்லாத்தையும் என் பொண்டாட்டிதான் முதல்ல படிப்பா. கேமரா புரியாது, ஆனா எழுத்துப்பிழை ஒண்ணு அவ கண்ணுக்குத் தப்பாது. வழக்கம்போலச் சாப்பாட்டு மேஜையில வெச்சேன், படத்தோட. சாயங்காலம் வந்து பாத்தா ரெண்டு எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில திருத்தி வெச்சிருந்தா. மூணாம் பக்கத்துக்கு மேல திருத்தம் இல்ல. அங்கேர்ந்து எந்திரிச்சுத்தான் உங்ககிட்ட வந்திருக்கா. அவ மேல எனக்குக் கோபம் கிடையாது. கூடப்பிறந்தவ, மனசு கேக்காதுதான்.

மூணாம் பக்கத்துல ‘ஒரே ஒரு குறை’ன்னு எழுதியிருக்கேன். அதைத்தான் அவ தப்பா எடுத்துக்கிட்டா. நீங்களும் அப்படி எடுத்துக்கக் கூடாதுன்னு விளக்கிடறேன். இந்தக் கேமராவை விலங்குன்னு வெச்சா விலங்கோட கண்ணைத்தான் தேடும். மனுஷன்னு வெச்சா மனுஷன் முகத்தைத்தான் தேடும். ரெண்டும் ஒரே படத்துல இருந்தா தானா மாறத் தெரியாது. நாமதான் முன்னாடி இருக்கற பொத்தானை மோதிர விரலால ஒரு தட்டுத் தட்டணும். இவ்வளவு பெரிய கேமராவுல அது ஒரு அசௌகரியம்தான். எந்தப் படத்துக்கு எதுல வெச்சோம், எத்தனை மணிக்கு மாத்தினோம்னு ஒவ்வொரு படத்தோடயும் அதுவே எழுதி வெச்சுக்கும். உங்க நிபுணர் சொல்லியிருப்பார். மறைக்கறதுக்கு அதுல எதுவும் இல்ல.

ஏழு பதினஞ்சுக்கு முதலை மச்சானுக்கு அந்தப் பக்கம் பத்தடியில எழும்பிச்சு. சாய்ஞ்ச வெளிச்சம், தண்ணியில ஒரு அலை இல்ல, ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேமுக்குள்ள. பதினேழு வருஷத்துல அப்படி ஒரு ஃப்ரேம் எனக்கு அமைஞ்சதே இல்ல. ஆனா அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, குனிஞ்சு குச்சியை ஆட்டிப் பாத்துக்கிட்டு இருந்தார். குச்சி நேரா நிக்கணும் அவருக்கு, கொஞ்சம் சாய்ஞ்சாலும் மறுபடி நடுவார். முதுகை எடுத்து என்ன மேடம் பண்றது? அட்டைப் படத்துக்கு முகம் வேணும். பொத்தானைத் தட்டி மனுஷனுக்கு மாத்தினேன். விசிலை வாயில வெச்சேன். இதுல இன்னொரு வசதி, படம் எடுக்கற பொத்தானைப் பாதி அழுத்தி வெச்சிருந்தா, முழுசா அழுத்தறதுக்கு ஒரு விநாடி முன்னாடி நடந்ததையும் சேத்து எடுத்துடும். அதனால அவசரமே இல்ல. அது இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும்னு ஒரு நிமிஷம் பாத்தேன். வந்துச்சு. ஊதினேன்.

அவர் எப்பவும் போலத் திரும்பினார். போட்டது போட்டபடி, நேரா என்னைப் பாத்து.

படத்தை உங்க மேஜையில தலைகீழா வெச்சிருக்கீங்க, திருப்பிப் பாருங்க. பிரிண்ட் கொஞ்சம் மங்கல், பரவால்ல. பின்னாடி வாயைத் திறந்துக்கிட்டு அது, முன்னாடி மச்சான் முகம், இமை முடி ஒவ்வொண்ணும் எண்ணலாம். பயமே இல்ல பாருங்க. “என்னடா, பன்னியா?”ன்னு கேக்கப் போற அதே சிரிப்பு. விசில் வந்துடுச்சுங்கற நிம்மதி அது.

அதனாலதான் சொல்றேன், எழுதற அண்ணனும் கவனிச்சு எழுதிக்கட்டும். என்னைப் பத்தி யாரு வேணா என்ன வேணா பேசட்டும். விசில் ஊதலைன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவர் என்னை நம்பித்தானே இறங்கினார், நான் எப்படி ஊதாம இருப்பேன்?