கருவண்டு ஓட்டையிலிருந்து வந்தது

— திறவாதை எண்டெல்லே சொன்னன்! டின்னை மருந்து மேசையில வை, நாகமணி. வண்டு உயிரோட இருக்கோ?

— இருக்குங்க டிரஸரய்யா. ரெண்டு வந்துச்சு. ஒண்ண நேத்து என் கையில வச்சு நசுக்குனேன். பாருங்க, கொப்புளம்.

— உனக்கென்ன விசரோ?

— எங்க வீட்டுக்காரரு கையில இருந்ததும் இதே மாதிரிதானே? புக்கிட் ரோத்தான்லேருந்து வந்த போலீஸ்காரங்க தீக்காயம்னுட்டாங்க. துப்பாக்கியோட ஒளிஞ்சு திரியுற காட்டுக்காரனுங்க ரப்பர் ஸ்டோர கொளுத்துனப்ப இவரும் கூட நின்னாராம்.

— செல்லன் என்ன சொன்னவன்?

— வண்டு பட்டுச்சுன்னாரு. சிரிச்சுக்கிட்டே லோரியில ஏத்திட்டாங்க.

— இது எங்கயிருந்து வந்தது?

— எங்க லயத்து வீட்டு உத்தரத்துல, கருவண்டு தொளச்ச ஓட்டையிலேருந்து. அதான்யா எனக்குப் புரியல. உள்ள போறது கருவண்டு. மஞ்சப் பொடி கொண்டாந்து சேக்குறதும் அதுதான். வெளிய வந்தது செவப்பா வேற என்னமோ. கருவண்டு போயி இத எப்படிப் பெக்கும்?

— அது பெறேல்லை. இது கள்ளச் சாதி. இதின்ர குஞ்சு பேன் மாதிரிச் சின்னனா இருக்கும். கருவண்டின்ர மயிரில தொத்திக்கொண்டு கூட்டுக்குள்ள போயிடும். அதின்ர முட்டையையும் தின்னும், பிள்ளைக்கு வச்ச சாப்பாட்டையும் தின்னும். பிறகு வளந்து வெளியில வரும்.

— தாய்க்காரிக்குத் தெரியாதா?

— தெரியாது.

— தன் மேல ஒட்டிக்கிட்டு வந்ததுகூடவா? தல சுத்துதுய்யா.

— அதை விடு. கையைக் காட்டு... ஓம். செல்லன்ர கையில கண்டதும் இப்பிடித்தான். தீயோ, வேற எதுவோ எண்டு மருந்து கட்டின அண்டைக்கு எனக்கும் விளங்கேல்லை. இண்டைக்கே இன்ஸ்பெக்டரிட்டைச் சொல்லுறன். விட்டிடுவினம்.

— மாரியாத்தா! அவரு பொய் சொல்லமாட்டாருன்னு எனக்குத் தெரியும்லா!

— அழாதை, பிள்ளை. இன்ஸ்பெக்டர் ஒண்டு கேப்பார். இந்த வண்டு எப்ப வெளியில வந்தது?

— இவர ஏத்திக்கிட்டுப் போன மறுநா காலையில.

— மறுநாளோ? அதுக்கு முந்தி?

— ஒண்ணும் வரல. லயத்துல யாரும் இதப் பாத்ததே இல்ல. அதான் கண்டவொடனே டின்னுல புடிச்சு... ஐயா? ஏன் கதவச் சாத்துறீங்க?

— செல்லனைப் பிடிக்கிறதுக்கு ஒரு கிழமைக்கு முந்தியே வண்டு வந்தது எண்டு சொல்லு. நானும் அப்பிடித்தான் சொல்லுவன்.

— சொல்றேன். சொல்றேன்யா... அப்ப, அவரு கைய எது சுட்டுச்சு?