மாமா என்ற கழுதை

டிவி திரையைத் துடைக்க ஈரத்துணி ஆகாது. பழைய பனியன்தான் சரி. அன்றும் முதலில் திரையைத்தான் துடைத்தேன். எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கிடங்கில் மூட்டை அடுக்கின் உச்சியிலிருந்து விழுந்தவன். நாலு வருஷமாக எங்கள் முன்னறையில் படுக்கை. கழுத்துக்குக் கீழே விரல்கள்தான் கொஞ்சம் அசையும். "அசைச்சுக்கிட்டே இருக்கணும். விட்டா மடங்கிக்கும்" என்றார் டாக்டர். அதற்காகத்தான் பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கினோம். யாரோ தமிழில் மாற்றிய பண்ணை விளையாட்டு. தரிசைத் திருத்தினான், கிணறு வெட்டினான், கல்யாணமும் கட்டிக்கொண்டான். அத்தனையும் தீப்பெட்டி அளவு மெமரி கார்டு ஒன்றில் இருந்தது.

நானும் மூட்டை தூக்குகிறவன்தான். வேலை முடிந்து வந்து அவனைப் புரட்டிப் படுக்க வைப்பதும், கார்டைச் செருகுவதும் என் பொறுப்பு.

"கையெழுத்து வராட்டியும் கார்டு போட வந்துடுச்சே மாமா. தேறிடுவீங்க" என்பான். என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தேன். தொழிற்சங்க அறையில், லாரி வராத நேரத்தில். வீட்டில் மூச்சு விடவில்லை. திரையில் நானாக வாசித்த முதல் சொல் ஒரு கழுதையின் தலைக்கு மேலே இருந்தது. மாமா. அந்தக் கழுதையை நல்ல உழைப்பாளி என்று நானே பலமுறை பாராட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் அக்காளும் தம்பியும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்பது விளங்கியது.

கோபமில்லை.

பழைய சாமான் கடையில் சீட் கார்டு, அதாவது ஆட்டத்தை ஏமாற்றும் அட்டை, ஒன்று கிடைத்தது. செருகினால் விளையாட்டில் கிணறு வற்றாது, பயிர் வாடாது, மாட்டுக்குப் பசிக்காது.

"போட்டு விளையாடுங்கண்ணே, சேவ் மட்டும் பண்ணிடாதீங்க" என்றார் கடைக்காரர். "மெமரி கார்டுல ஏறிட்டா, அப்புறம் இதக் கழட்டினாலும் போகாது. ஆட்டத்துல செய்ய ஒண்ணுமே மிச்சமிருக்காது."

நல்ல மனுஷன். அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனதும் திரையைத் துடைத்தேன். மேல் துளையில் சீட் கார்டு, கீழ்த் துளையில் மெமரி கார்டு. எல்லாவற்றையும் நிறைத்தேன். சேவ் செய்தேன்.

சாயங்காலம் மச்சான் பார்த்தான். வயலெல்லாம் விளைந்து நின்றது. ஆட்டத்துப் பொண்டாட்டி வாசலில் சிரித்தாள். என்ன கொடுத்தாலும் அதே சிரிப்பு. மாமா மரத்தடியில் சும்மா நின்றது.

"அக்கா, யாரு இதுல கை வச்சது?"

"யாருடா வைப்பா, உங்க மாமாவா? அந்த மனுஷனுக்கு ஆனா ஆவன்னாவே தெரியாது."

பத்து நாளில் கன்ட்ரோலரைத் தொடுவதை விட்டுவிட்டான்.

"புதுசா ஆரம்பிடா" என்று கெஞ்சினாள்.

"இன்னொரு நாலு வருஷமா? போக்கா" என்றான்.

இப்போது விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிவிட்டன. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். அவனுக்குச் சாப்பாடு ஊட்டுவது நான்தான். குறை வைப்பதில்லை.

உழைப்பிலிருந்து அவனுக்கு ஓய்வு கொடுக்கத்தான் செய்தேன். உடம்பு நொந்தவனுக்குத்தான் அந்த இரக்கம் வரும். சேவ் செய்யும்போது திரை ஒன்று கேட்டது: பழையது அழிந்துவிடும், திரும்ப வராது, சம்மதமா? எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தேன். ஒரு பிழையில்லை. பாராட்டத்தான் பக்கத்தில் யாருமில்லை.