நாற்பது நாள் உபவாசத்தில் மூன்று துண்டு கட்லா

மீன் வறுவலை ஆறவிட்டுச் சாப்பிடக் கூடாது. கல்லிலிருந்து இறங்கிய சூட்டோடு, விரல் சுடச் சுடப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால்தான் அது மீன். ஆறிப்போனால் மசாலா தடவிய அட்டை. சகோதரி மேனகா மீதான விசாரணையைப் பற்றி அறிக்கை எழுதச் சொன்னால் இந்த ஆள் ஏன் மீனில் ஆரம்பிக்கிறான் என்று மூப்பர் குழுவில் இருப்பவர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மீனில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

குழுவில் ஐந்து மூப்பர்கள் இருக்க, அறிக்கையை என்னிடம் ஒப்படைத்ததற்குப் போதகர் சந்திரமோகன் இரண்டு காரணம் சொன்னார். குப்புராஜ் ஐயாவுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். குப்புராஜ் ஐயா யார் பக்கமும் சாயமாட்டார். முதல் காரணம் சரிதான். அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். ஆடுகிற வண்டியில் நின்றபடி எழுதிப் பழகிய கைக்கு மேசையும் நாற்காலியும் கிடைத்தால் கேட்கவா வேண்டும். இரண்டாவது காரணத்தைப் பற்றியதுதான் இந்த அறிக்கை.

நம் சபை வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம், பெயர் போடவேண்டியதில்லை. மகனுக்கு வேலை கிடைக்க, முழங்கால் வலி தீர, போர் போட்டால் தண்ணீர் வர. நம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கடைசி விண்ணப்பம்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்துக் கொடுப்பது என் ஊழியம். போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார், சபை முழுக்க ஆமென் சொல்லும்.

தனக்காக ஜெபிப்பதைவிடப் பிறருக்காக ஜெபிப்பது மேலானது என்று போதகர் ஒருமுறை பிரசங்கம் செய்தார். அது எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து பிறருக்காகவே சீட்டு எழுத ஆரம்பித்தேன். இடது கையால் எழுதினேன். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். என் விஷயத்தில் வலது கைக்குத்தான் ஒன்றும் தெரியாது.

முதல் சீட்டு நம் டிரம்ஸ் வாசிக்கிற தம்பி அன்புக்காக. அரூர் ரோட்டில் ஒயின் ஷாப் வாசலில் அவன் பைக் நின்றது. 'தாளம் போடுகிற ஒரு தம்பி குடியிலிருந்து விடுபட ஜெபிப்போம்' என்று எழுதினேன். சபை உருக்கமாக ஜெபித்தது. ஒயின் ஷாப்புக்கு அடுத்த கடை பஞ்சர் கடை என்பது எனக்குத் தெரியும். வண்டியைப் பார்த்தேன், டயரைப் பார்க்கவில்லை. அன்பு இப்போது அரூரில் வேறொரு சபையில் வாசிக்கிறான். நன்றாக வாசிக்கிறானாம்.

இனி ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம். நாற்பது நாள் சபையில் யாரும் கவிச்சி தொடுவதில்லை, அது எல்லாருக்கும் உள்ளது. நான் அதற்கு மேல் ஒரு படி போய், ஒருவேளைச் சாப்பாடு மட்டும் என்று சபை நடுவே எழுந்து நின்று அறிவித்தேன். ஈஸ்டர் அன்று சால்வை போடுவதாகக் குழுவில் முடிவாயிற்று. உபவாசம் இருக்கிறவன் தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவி, இருப்பது வெளியே தெரியாமல் இருக்கவேண்டும் என்பது ஆண்டவர் சொன்னது. சொன்னது சரி. ஆனால் தெரியாமல் இருந்தால் எப்படித் தெரியும்? நான் எண்ணெய் வைக்கவில்லை, சவரம் செய்யவில்லை. மூன்றாம் நாளே என்னைப் பார்த்தவர்கள் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இருபதாம் நாள் திங்கட்கிழமை. என்னோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் பென்னாகரத்தில் உடம்பு முடியாமல் கிடக்கிறார், பார்த்து ஜெபித்துவிட்டு வருகிறேன் என்று மனைவி மணிமேகலையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போனேன், பார்த்தேன், ஜெபித்தேன். அதில் பொய் கிடையாது. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் ஒகேனக்கல் பஸ் நின்றுகொண்டிருந்தது. பழைய பழக்கம், நிற்கிற பஸ்ஸைப் பார்த்தால் கால் தானாக ஏறிவிடும்.

இறங்கியதும் எண்ணெய் மசாஜ் செய்கிறவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "வாங்க பெரியவரே, தலை காஞ்சு கெடக்குது, ஒரு கை தேய்ச்சு வுடறேன்" என்றார். வேண்டாம்ப்பா, உபவாசம் என்றேன். அதைச் சொல்லிவிட்டு நேராக மீன் கடைக்குப் போனேன்.

"ரெண்டு துண்டு போதுங்களா?" என்று கடைக்கார அம்மா கேட்டார். கட்லாவில் மூன்றாக வைக்கச் சொன்னேன், வெங்காயம் கூட. ரோட்டுக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தேன். டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஜன்னலுக்கு வெளியே அளவுக்கு மேல் வேடிக்கை பார்ப்பான். அன்று காவேரியை நான் அளவுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மேசை தள்ளி மேனகா உட்கார்ந்திருந்தார். தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற, ஞாயிறு பள்ளியில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மேனகாதான். எதிரே ஓர் ஆள். மேனகா சிரித்துக்கொண்டிருந்தார். கணவர் போய்ச் சேர்ந்த ஆறு வருஷத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அதையும் மனசில் குறித்துக்கொண்டேன், குற்றக் கணக்கில். அவர் முன்னால் ஒரு தட்டு இருந்தது. பிறகு ஒருமுறை திரும்பினார், என்னைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் அங்கே இல்லாத மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் மணிமேகலை என் சட்டையை வாங்கி ஒருமுறை முகர்ந்தாள். "உபவாசம் உங்களுக்குத்தானாட்டம். சட்டைக்கு இல்லீங்களா" என்று கேட்டுவிட்டு அதை வாளியில் போட்டாள். நான் மேனகாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிதானமாகத்தான் யோசித்தேன். மேனகா வாய் திறந்தால் என் நாற்பது நாளும் போச்சு. சால்வை போச்சு. திறக்காதே என்று போய்க் கேட்கலாம், ஆனால் கேட்டால் அது கெஞ்சல். அந்த வாயைச் சபை நம்பாத வாயாக்கிவிட்டால் அது திறந்தென்ன, மூடியென்ன. அப்படித்தான் அந்தச் சீட்டை எழுதினேன்: 'பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்கும் ஒரு விதவைச் சகோதரி, ஓர் ஆணோடு ஒகேனக்கல் மீன் கடையில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி. இந்தப் புனித நாட்களில் அவருடைய சாட்சி கெடாதிருக்க ஜெபிப்போம்.'

கேள்வி என்று போட்டேன். கண்டேன் என்று போட்டால் எங்கிருந்து கண்டாய் என்று கேட்பார்கள். பெயர் போடவில்லை. முன்வரிசையில் நிற்பவர்கள் நாலு பேர், அதில் மூன்று பேருடைய கணவன்மார் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஞாயிறு போதகர் எடுத்துக்கொண்ட பிரசங்கம், அடுத்தவன் கண்ணில் துரும்பைத் தேடுகிறவன் கண்ணில் கிடக்கும் உத்திரத்தைப் பற்றியது. இது யாருக்குப் பொருந்தும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு சீட்டு வாசிக்கப்பட்டது. சபை ஆமென் சொன்னது. மேனகா கடைசிப் பாட்டு வரைக்கும் நின்று பாடிவிட்டு, பாட்டுப் புத்தகத்தை மூடி நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனார். வெளியே வந்ததும் மூப்பர் பச்சியப்பன், "நானும் பார்த்தேனுங்க, என் கண்ணால பார்த்தேன்" என்றார். எனக்குச் சாட்சியே கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம் ஞாயிறு பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகளை அனுப்பவில்லை. அன்று காலையில் பெட்டியைத் திறந்தபோது மேனகாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. ஜெராக்ஸ் கடையில் ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிற கை, யாருக்கும் தெரியும். எடுத்துக் கிழிக்கத் தயாராகத்தான் படித்தேன். 'உபவாசம் இருக்கும் மூப்பர் ஐயா மிகவும் வாடித் தெரிகிறார். அவருக்கு நல்ல பெலன் கிடைக்க ஜெபிக்கவும்.'

கேலியா என்று நாலு தடவை படித்தேன். கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி. கிழிக்கவில்லை. எல்லாச் சீட்டுக்கும் மேலாக வைத்துப் போதகரிடம் கொடுத்தேன். அவர் வாசிக்க, சபை முழுக்கத் திரும்பி என்னை அன்போடு பார்த்தது. நான் இன்னும் கொஞ்சம் வாடிக் காட்டினேன்.

அதே நாள், அதாவது போன ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு நடந்த விசாரணை உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை எழுதுவதுதானே அறிக்கை.

"யாரும்மா அந்த ஆளு?" என்று பச்சியப்பன் கேட்டார்.

"கட்டிக்கப் போறவர்ங்க. பேரு சத்யராஜ். ஈஸ்டர் முடிஞ்சதும் சபையில கல்யாண ஓலை வாசிச்சு அறிவிக்கச் சொல்லலாம்னு இருந்தோம்."

"அதைப் பேசறதுக்கு மீன் கடைதான் கெடைச்சுதா?"

"அவரு பரிசல் ஓட்டறாருங்க. கரைக்கு வந்து சோறு திங்கற நேரத்துலதான் ஆளைப் புடிக்க முடியுது."

இப்போது சத்யராஜின் அம்மா, சபை ஒரு முடிவு சொல்லட்டும், அப்புறம் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம் என்று நிறுத்திவைத்திருப்பதாகவும் மேனகா சொன்னார். அதாவது வருகிற குருத்தோலை ஞாயிறு அன்று குழுவில் நாம் கை தூக்கி எடுக்கும் முடிவில்தான் அந்தப் பெண்ணின் ஞாயிறு பள்ளியும் இருக்கிறது, கல்யாணமும் இருக்கிறது.

பிறகு பச்சியப்பன் கடைசியாகக் கேட்டார். "நம்ம சபைக்காரங்க வேற யாராச்சும் அங்க இருந்தாங்களா?"

மேனகா மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார், பிறகு பச்சியப்பன் பக்கம் திரும்பினார். "உங்களைப் பார்த்தேனுங்க. வேற யாரையும் நான் கவனிக்கலீங்க" என்றார்.

இங்கேயே கையெழுத்துப் போட்டு முடித்தால் நல்ல அறிக்கைதான். ஆனால் இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. ஒன்று, மேனகாவின் தட்டில் இருந்தது வெள்ளரிப்பிஞ்சு. மீன் முழுக்க சத்யராஜின் தட்டில். அந்தக் கடையில் லெந்து காலத்தைக் காப்பாற்றியது அவர் ஒருவர்தான்.

இன்னொன்று, பச்சியப்பன் எப்படிப் பார்த்தார் என்பது. அன்று பெங்களூர்ச் சொந்தக்காரர்களோடு அவர் நான் இருந்த கடையை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை, மேனகா பார்த்தார். எழுந்து எதிரே ஓடிப்போய், "ஐயா, இங்க மீன் நேத்து மீனுங்க, அந்தக் கடையில நல்லா இருக்கும்" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன், மூன்றாவது துண்டு கையில் இருந்தது. பேசாமல் எழுந்து பின்பக்கமாக நழுவியிருந்தால் மேனகாவை யாரும் பார்த்திருக்க முடியாது. என்னை மறைப்பதற்காக எழுந்து வந்துதான், ஓர் ஆணோடு இருந்ததைப் பச்சியப்பன் கண்ணில் காட்டிக்கொண்டார். அதைத் தெரிந்துகொண்டுதான் நான் அந்தச் சீட்டை எழுதினேன். துண்டை முடித்துவிட்டு, கை கழுவிவிட்டு.

அந்தச் சீட்டை எழுதியவன் நான். அன்புவின் சீட்டும், வேறு சிலருடையதும் நான் எழுதியவை. மேனகா மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவரை ஞாயிறு பள்ளியில் தொடரவிடுங்கள். சால்வையை நிறுத்துங்கள், பெட்டிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். இனி யாரைப் பற்றியும் நான் சீட்டு எழுதுவதில்லை என்று ஆண்டவர் முன்னால் உறுதி கூறுகிறேன்.

இதுவரை எழுதியதில் ஒரு பிரதி சத்யராஜின் அம்மாவுக்கு அனுப்பவேண்டும். ஜெராக்ஸுக்கு நான் அறிந்த கடை ஒன்றுதான். இன்று காலை தலைக்கு எண்ணெய் வைத்து, சவரம் செய்துகொண்டு போனேன். மேனகா ஒரு எழுத்தும் படிக்காமல் தாளைக் கவிழ்த்து வைத்தார். கண்ணாடிமேல் கவிழ்த்துத்தான் வைக்கவேண்டும் என்பது வேறு விஷயம்.

"மூஞ்சி தெளிவா இருக்குதுங்க ஐயா. உபவாசம் முடிஞ்சுதுங்களா?"

"இருபதாம் நாளே முடிஞ்சுதும்மா. சீட்டும் நான்தான் எழுதினேன்."

"அன்னிக்கே தெரியுங்க. பார்த்தது நீங்க ரெண்டு பேரு. பச்சியப்பன் ஐயா வாயைத் தொறந்தே சொல்லிட்டாரு, அவருக்குச் சீட்டு எதுக்குங்க."

"அப்புறம் ஏம்மா விசாரணையில சொல்லலே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். வண்டி கொஞ்சம் லேட்டு" என்று சொல்லிச் சிரித்தார். அது நான் பார்த்த இரண்டாவது சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ஈரமும் இருந்தது, பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பிறகு, "சில்லறையா குடுங்க ஐயா" என்றார். சில்லறை இல்லை என்று முப்பத்தொரு வருஷம் சொன்னவன், மடியைத் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு, குப்புராஜ், மூப்பர். மூப்பர் என்பதைக் குழு விரும்பினால் எடுத்துவிடலாம்.

பின்குறிப்பு: மேனகா காட்டிய அடுத்த கடையில் பச்சியப்பன் ஐயா என்ன வாங்கினார் என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை. நாலு துண்டு அங்கேயே சாப்பிட்டு, இரண்டு பார்சல் வாங்கியதாகக் கேள்வி. அவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பின்குறிப்பைத் தயவுசெய்து நீங்களே அடித்துவிடுங்கள். நான் அடித்தால், படிக்க முடிகிற மாதிரிதான் அடிப்பேன்.