வெண்மயிலா, வெண்மயில்ஸா? முதலில் வாசலைத் திறங்கள்!

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, மைக் செட் வாடகையையும் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்ட சங்கத் தலைவர் சோணைமுத்து அண்ணாச்சி அவர்களே! மண்ணில் அமர்ந்திருந்தாலும் மனத்தில் உயர்ந்திருக்கும் பெரியவர்களே! மருந்து படிந்த விரல்களைக் கழுவவும் நேரமின்றி, வேனை விட்டு இறங்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! டீக்கடை ஓரத்தில் வண்டியை அணைக்காமல் நிற்கும் தோழர்களே! திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் பானுப்பிரியா நான், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வண்டியை அணைச்சிருங்கண்ணே. ரொம்ப நேரம் ஆகாது.

நான் இன்றைக்கு இங்கிலீஷ் பேசப்போவதில்லை. இங்கிலீஷைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தேன்.

தீபாவளிக்குக் கொளுத்தும் வெண்மயில் பூச்சட்டியைத் தெரியாதவர் இங்கே உண்டா? கடையில் போய் "ரெண்டு வெண்மயில் குடுங்க" என்றால் போதும், பூச்சட்டி என்று சொல்லவே வேண்டாம். அதைச் செய்கிறவர்கள் நீங்கள். அதன் அட்டைப் பெட்டியை அச்சடிக்கிறவர்கள் நாங்கள். இந்தச் சீசனுக்குப் புதுப் பெட்டி என்று ஆர்டர் வந்தது. முதல் தாள் மெஷினை விட்டு வெளியே வந்தது. வந்த தாளை ஒரு முனையில் உங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி சண்முகவேல் பிடித்தார். மறுமுனையில் அவர் மகன் ஹரிபிரசாத் பிடித்தார். பெட்டியின் முகப்பில் இங்கிலீஷில் எதைப் போடுவது? வெண்மயிலா, வெண்மயில்ஸா?

"அப்பா, கம்பெனிப் பேருக்குப் பின்னால எஸ் சேக்கக் கூடாது. வெளிநாட்டுல பெரிய பெரிய கம்பெனியெல்லாம் அதுக்குச் சண்டையே போடுதாங்க" என்றார் மகன்.

"ஏலே, லாரி நிறைய வாங்குதவன் ஒத்தையாவா கேப்பான்? வடக்க இருக்கிற ஏவாரி போன்ல வெண்மயில்ஸ், வெண்மயில்ஸ்னுதான் கத்துதான். படிச்ச கிறுக்கு உனக்கு!" என்றார் அப்பா.

எழுத்துக்கு மேலே ஒரு கமாவைத் தொங்கவிட்டால் இருவருக்கும் பொதுவாக இருக்குமே என்றார் கூட வந்த கணக்குப்பிள்ளை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவும் மகனும் ஒற்றுமையாக அவரைத் திட்டினார்கள்.

எஸ் போட்டு அடித்தோம், மகன் நிறுத்தினார். எஸ் எடுத்து அடித்தோம், அப்பா நிறுத்தினார். மறுபடி போட்டோம், மறுபடி எடுத்தோம். கல்லூரியிலிருந்து ஓர் இங்கிலீஷ் வாத்தியாரைக் காரில் கூட்டி வந்தார்கள். அவர் காபி குடித்துவிட்டு, "ரெண்டு விதமாவும் சொல்லுதாக" என்று எழுந்துபோனார். வாரம் முழுக்க எங்கள் மெஷின் சும்மா நின்றது.

மெஷின் நின்றது, அட்டை நின்றது. அட்டை நின்றதால் பெட்டி நின்றது. பெட்டி நின்றதால் லோடு நின்றது. அம்மா, லோடு நின்றால் பூச்சட்டி எங்கே நிற்கும்? அங்கேதான் என் சிரிப்பு நின்றது!

உங்களுக்குக் கூலி பெட்டிக் கணக்கில். பெட்டியில் போடாத சரக்கை எண்ண முடியாது. எண்ணாத சரக்கைக் குடோனுக்கு அனுப்ப மாட்டார்கள். அதனால் மருந்து அடைத்து முடித்த பூச்சட்டியையெல்லாம் வேலை நடக்கும் அறையிலேயே அடுக்கினார்கள். சுவரோரம் அடுக்கினார்கள். ஆள் உட்காரும் இடத்தில் அடுக்கினார்கள். கடைசியில் பின்வாசலை அடைத்து அடுக்கினார்கள். பட்டாசு அறைக்கு எதிரெதிராக வாசல் வைப்பது காற்று வாங்கவா? ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் ஓடத்தானே!

அந்த அறையில் வேலை பார்த்தவர் பாண்டிச்செல்வி. எங்கள் தெருக்காரர். இந்தா, கம்பத்துப் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பின்வாசல் அடைபட்ட அன்று இவர் அறைக்குள் போகாமல் நின்றுவிட்டார்.

"அந்த வாசலை விடுங்க, உக்காருதேன்" என்றார்.

"ஏட்டி, அட்டை வந்தா எல்லாம் போயிரும். நீ மட்டுந்தான் உசுரு வச்சிருக்கியோ?" என்றார் போர்மேன் ராஜபாண்டியன்.

"மத்தவுக உசுரும் உள்ளதாண்ணே உக்காந்திருக்கு."

இதுதான் அவர் பேசியது. மறுநாள் காலையிலிருந்து அவர் நிற்கும் இடத்தில் வேன் நிற்கவில்லை. நம்ம ஊரில் வேலையை விட்டு நீக்குவதற்குக் காகிதமா கொடுக்கிறார்கள்? வேன் நிற்காது, அவ்வளவுதான். இன்று காலையும் அவர் தூக்குவாளியோடு நின்றார். வேன் தாண்டிப் போனது. அதற்குள் இருந்தது யார்? நீங்கள்தான். ஜன்னலோரம் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? செல்போனைப் பார்த்தீர்கள்!

கோபம் வருகிறதா? எனக்கும் வருகிறது. ஓர் எழுத்துக்காக அப்பனும் மகனும் ஒரு வாரம் மல்லுக்கு நிற்கிறார்கள். அடைபட்ட வாசலுக்காக நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் மெஷினை நிறுத்தியபோது எங்கள் அச்சகத்திலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குப் பெட்டியின் மேல் இருக்கும் பேர் பெரிது. நமக்கு என்ன பெரிது?

யாரு பேசுறது? கருப்பம்மா அத்தையா? சத்தமாச் சொல்லுங்க.

"சீசன் நேரத்துல எங்களையும் இறக்கி விட்டுட்டா யாருளா சோறு போடுவா?"

நியாயமான கேள்வி. நான் போடுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சங்கத்திலும் பணம் கிடையாது, அண்ணாச்சி தலையாட்டுகிறார். ஆனால் அத்தை, ஒருத்தியை விட்டுவிட்டு ஓட்டலாம். சீசனில் ஊரையே விட்டுவிட்டு வெறும் வேனை ஓட்ட முடியுமா? வெறும் வேன் பூச்சட்டி அடைக்குமா? நாளைக் காலையில் வேன் வரும்போது ஒருவரும் ஏற வேண்டாம். பின்வாசல் திறக்கட்டும். பாண்டிச்செல்வி முதலில் ஏறட்டும். பிறகு நாம் ஏறுவோம். இதுதான் கோரிக்கை, இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஏற மாட்டோம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.

அவசரமில்லை, யோசித்தே நில்லுங்கள்.

அத்தை... கால் வலியோடு நீங்களா முதலில்? யாராவது கை கொடுங்க. அந்தா, பின்னால் ரெண்டு பேர். டீக்கடைப் பக்கமும் ஒருவர் வருகிறார். பாண்டிச்செல்வி, நீ ஏன் குனிஞ்சே இருக்க? நிமிந்து பாரு, எம்புட்டுப் பேர்னு!

உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நன்றி. எழுந்து நின்றவர்களுக்கு நன்றியை நாளைக் காலையில் நேரில் சொல்கிறேன். விடிந்ததும் வேன் நிறுத்தத்தில் சந்திப்போம். அனைவருக்கும் வணக்கம்.