அல்சர் என்று சொன்னது

காந்திபுரத்திலிருந்து பெரியநாயக்கன்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் ஆஸ்பத்திரி ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மாகிட்ட அல்சர்னு சொன்னது நீங்கதானுங்கண்ணா," என்றாள் தங்கை.

"கேன்சர்னு சொன்னா தாங்கமாட்டாங்கன்னுதான் அம்மணி அப்படிச் சொன்னேன்."

"அல்சருக்கு எதுக்கு முடி கொட்டற ஊசின்னு பாதியிலயே நிறுத்திப்போட்டாங்க. அப்பவாவது சொல்லியிருக்கலாமுங்க. இப்ப டாக்டரு, இனி மருந்து குடுத்துப் பிரயோசனமில்லீங்கறாரு."

பஸ் கவுண்டம்பாளையம் தாண்டியது.

"ஊட்டுக்குப் போனதும், டாக்டரு என்ன சொன்னாருன்னு கேப்பாங்கண்ணா. என்னன்னு சொல்றதுங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"இனி மருந்தே வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு சொல்லலாம் கண்ணு. அது பொய்யில்லியே."