பாசம் இருக்கிறது, காரணம் எங்கே?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சுலோசனா அம்மையார் அவர்களே! கரையான்சாவடியிலிருந்தும் பாரிவாக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே! என் வகுப்பை மூடச் சொல்லிப் புகார் கொடுத்த பெற்றோர்களே, உங்களுக்குக் கூடுதலாக ஒரு வணக்கம்!

தமிழாசிரியை ஷாகிதா பேசுகிறேன். பேச்சை அலசும் வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறேன். விற்பவர் பேச்சோ, வாக்குக் கேட்பவர் பேச்சோ, எதுவாயினும் பிள்ளைகள் அடுக்குமொழியில் அகப்படாமல், அழகுநடையில் அயர்ந்துபோகாமல், "என்ன செய்யச் சொல்கிறார்? அதற்கு என்ன காரணம் சொல்கிறார்?" என்று கேட்பார்கள். கேட்பது குற்றமா? கேள்வி கேட்கும் பிள்ளை கெட்ட பிள்ளையா? வீட்டில் எதிர்த்துப் பேசுகிறார்கள் என்கிறது புகார். வகுப்பு இருக்கட்டுமா, வேண்டாமா என்று இன்று கைதூக்கி முடிவு செய்யப்போகிறீர்கள்.

முதலில் புகார் கொடுத்தவர் எத்திராஜ் அவர்கள். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். அவரைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அவருடைய மகள் காவ்யா பன்னிரண்டாம் வகுப்பு. கோவைக்குப் போய்ச் சட்டம் படிக்கப்போகிறேன் என்றாள். போகக் கூடாது என்று பேசினார் பாருங்கள் தந்தை ஒரு பேச்சு! தோளில் சுமந்ததைச் சொன்னார், தூக்கம் தொலைத்ததைச் சொன்னார், தன் சொல்லைத் தாண்டினால் தான் இருந்தும் இல்லாத மாதிரி என்றார். வீடே அழுததாம். காவ்யாவும் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நைனா, நீ சொன்னதுல பாசம் கீது. காரணம் எங்க கீது?"

மறுநாளே புகார் வந்துவிட்டது. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், உங்கள் வீட்டிலும் நடக்கும்.

புகார் கொடுத்த பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. சில நாள் உர்ரென்று இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாராம்:

"பயமா கீதும்மா. அந்த ஊர்ல நமக்கு யாரும் இல்ல. உனக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

பாசத்துக்கு ஏது பதில்? பயத்துக்கு உண்டு. காவல் யார், உடம்புக்கு முடியாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று இருவரும் பேசினார்கள். போன வாரம் கோவைக்கே போய் ஒரு விடுதியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் சரியில்லையாம்! அது காரணம் ஐயா, அதை நான் மதிக்கிறேன். தாழ்ப்பாளை மாற்றிக்கொள்ளலாம்.

சரி, நான் இதுவரை என்ன செய்தேன்? தாய்மார்களே என்று குழைந்தேன். மோனை போட்டு மயக்கினேன். ஒரு தந்தையின் பயத்தைச் சொல்லி உங்கள் கண்ணைக் கலங்கவைத்தேன். அத்தனையையும் தள்ளிவிடுங்கள். தள்ளிய பிறகு காரணம் என்று ஏதாவது மிஞ்சினால் வகுப்புக்குக் கைதூக்குங்கள், மிஞ்சாவிட்டால் மூடிவிடுங்கள். எனக்காக மட்டும் தூக்காதீர்கள்.

எப்படி முடிவு செய்தாலும், வீட்டுக்குப் போனதும் ஏன் என்று பிள்ளை கேட்கும். பதிலோடு போங்கள். இவ்வளவு நேரம் பொறுத்திருந்தீர்கள், நன்றி. வணக்கம்.